பட்டுவாடாவுக்குள் முடிந்துவிடும் என்று வாங்கிய 5,000 ரூபாய்

போன இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருந்தார்: ‘பால் பட்டுவாடா வரும்வரை தீவனத்துக்குக் கைமாற்றாக 5,000 ரூபாய் வாங்குகிறேன். பட்டுவாடா அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். 10 நாளைக்கு 500 ரூபாய்தான் வட்டி. இது பெரிய தப்பா?’

அந்தக் கேள்வியைப் படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி யாரிடமாவது அதைக் கேட்டிருந்தால், எங்கள் கட்டுத்தறியில் செவலை மாடு இன்னமும் நின்றிருக்கும். அதனால் அந்த வாசகருக்கு என் கதையையே பதிலாக எழுதுகிறேன்.

நாங்கள் ராசிபுரம் பக்கம். இரண்டு ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி, மிச்சத்தில் வீட்டுத் தேவைக்குச் சோளம், கொஞ்சம் நிலக்கடலை. மரவள்ளி 10 மாதப் பயிர். கிழங்கு பிடுங்கி ஆலைக்குப் போனால்தான் காசு. அதுவரை வீட்டை ஓட்டுவது மாடுதான். மூன்று மாடு இருந்தன. இரண்டு கறவை, ஒன்று வற்றுமாடு. சங்கத்துக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் ஊற்றுவோம். அப்போது லிட்டருக்கு 30 ரூபாய் கைக்கு நிற்கும். 10 நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா. ஆக, ஒரு பட்டுவாடாவுக்கு 6,000 ரூபாய்.

முதல் கைமாற்று

2020 டிசம்பரில் ஒரு கறவைக்கு மடிநோய் வந்தது. ஊசி, மருந்து என்று இருந்த பணம் போய்விட்டது. பால் குறைந்தது. தீவனம் வாங்கக் காசில்லை. தீவனக் கடை அண்ணனிடம் போய் நின்றேன். “அதுக்கென்னப்பா, 5,000 வாங்கிக்க. பட்டுவாடாவுக்கு 5,500-ஆக் குடுத்துடு” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டது நான். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, அலைச்சல் இல்லை. அந்த நேரத்துக்கு அவர் தெய்வமாகத்தான் தெரிந்தார்.

பட்டுவாடா வந்தது. சொன்னபடி 5,500 கொடுத்தேன். கையில் மிஞ்சியது 500 ரூபாய். அடுத்த 10 நாளைக்குத் தீவனத்துக்கு மட்டும் 3,000 வேண்டும். மளிகை, மருந்து, பஸ் காசு தனி. என்ன செய்வது? கொடுத்த கையோடு மறுபடியும் 5,000 வாங்கினேன்.

இந்த இடத்தைத்தான் அந்த வாசகர் கவனிக்க வேண்டும். ‘திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்’ என்று எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. பணம் என் கையிலிருந்து அவர் கைக்குப் போய், அதே நிமிஷத்தில் திரும்பி வந்தது. 500 மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. கடன் அடைகிற மாதிரி ஒரு தோற்றம், அவ்வளவுதான்.

தண்டல் வந்த கதை

அடுத்த வருஷம் ஆடியில் மரவள்ளிக்குக் களை வெட்ட ஆள் கூலி வேண்டியிருந்தது. தீவனக் கடையில் ஏற்கெனவே கடன் நிற்கிறது. அதனால் வாரத் தண்டல் எடுத்தேன். 10,000 ரூபாய்க்குச் சீட்டு. 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்தார்கள். வாரம் 1,000 வீதம் 10 வாரம் கட்ட வேண்டும்.

‘10,000-க்கு 1,500-தானே, 15 வட்டி’ என்று மனக்கணக்குப் போட்டேன். நிறைய பேர் அப்படித்தான் போடுகிறோம். அது தப்பு. கைக்கு வந்தது 8,500. அதுவும் 10 வாரம் முழுக்க நம் கையில் இருப்பதில்லை. முதல் வாரத்திலேயே 1,000 குறைய ஆரம்பிக்கிறது. சராசரியாக நம் கையில் இருப்பது பாதிதான். அதற்குத்தான் இரண்டரை மாதத்துக்கு 1,500 கொடுக்கிறோம். வருஷத்துக்கு என்று கணக்குப் போட்டால் 150 சதவிகிதத்தைத் தாண்டுகிறது. தீவனக் கடைக் கைமாற்று இதைவிட மோசம். 10 நாளைக்கு 10 சதவிகிதம் என்றால் வருஷத்துக்கு 365 சதவிகிதம். நேரத்தில் கட்டினால் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. அதை வாங்க நான்கு தடவை நடக்க வேண்டும் என்று சோம்பல்பட்டவன்தான் இந்த வட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

எட்டாவது வாரம் வந்தபோது வசூலுக்கு வருகிற தம்பி, “அண்ணா, இன்னும் ரெண்டாயிரந்தான் பாக்கி. புதுச் சீட்டு போட்டுக்கலாமா?” என்றான். பழைய பாக்கி 2,000-ஐக் கழித்து, 1,500 வட்டியையும் கழித்து, 6,500 கையில் கொடுத்தான். 10,000-க்குக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சீட்டும் எட்டாவது வாரத்தில் புதுச் சீட்டானது.

போனுக்குள் இருந்த கடன்காரன்

2022 பிப்ரவரியில் மகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். கல்லூரியில் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் கேட்க முகமில்லை. போனில் ஒரு விளம்பரம் வந்தது: ‘5 நிமிடத்தில் கடன்’. ஆதார், பான் அட்டைப் படம், ஒரு செல்ஃபி. என்னென்னவோ அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் ‘சரி’ கொடுத்தேன். என் போனில் இருக்கிற அத்தனை பேர் நம்பரையும் அவர்கள் எடுத்துக்கொள்ளத்தான் அந்தச் ‘சரி’ என்று அப்போது தெரியவில்லை.

5,000 ரூபாய்க் கடன் என்று போட்டிருந்தது. வங்கிக் கணக்குக்கு வந்தது 3,200. ஏழு நாளில் 5,000 கட்ட வேண்டும். ஆறாவது நாளே போன் வர ஆரம்பித்தது. கெட்ட வார்த்தை. இன்னொரு ஆப்பில் கடன் வாங்கி முதல் ஆப்பை அடைத்தேன். இரண்டாவதை அடைக்க மூன்றாவது. அப்புறம் நான்காவது. ஒவ்வொரு தடவையும் துண்டு விழுந்த 1,800 ரூபாயைப் பால் பணத்திலிருந்து எடுத்தேன். அதனால் தண்டல் இரண்டு வாரம் நின்றது. நான்கு ஆப்பிலும் சேர்த்துக் கைக்கு வந்தது 12,800. நான் கட்டியது 15,000. இன்னும் 5,000 பாக்கி என்றார்கள்.

அந்தப் பாக்கி ஒரு நாள் தள்ளிப்போனது. என் படத்தின் மேல் ‘திருடன்’ என்று எழுதி, பால் சங்கச் செயலாளருக்கும், என் மச்சானுக்கும், மகளுடைய கல்லூரி ஆசிரியைக்கும் அனுப்பிவிட்டார்கள். மகள் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடவும் இல்லை. ஒரு வாரம் கல்லூரிக்குப் போகவில்லை. வயிற்று வலி என்று அம்மாவிடம் சொன்னாள்.

நான் செவலை மாட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒரு வாரம் பொறுத்திருந்தால் 40,000-க்குப் போயிருக்கும். அன்றைக்கே பணம் வேண்டும் என்று நின்றதால் 28,000-க்குக் கயிற்றை மாற்றிக் கொடுத்தேன். ஆப்புக்காரனுக்கு 5,000, தண்டலுக்கு 8,000, தீவனக் கடைக்கு 5,500. எல்லாம் தீர்ந்தது. மிச்சப் பணம் கல்லூரிக்கும் கூலிக்கும் போனது. அப்பாடா என்று படுத்தேன்.

ஆப்புக்காரன் மூன்றாம் நாள் மறுபடியும் கூப்பிட்டான். ‘பணம் வரவில்லை, திரும்பக் கட்டு’ என்றான். அப்போதுதான் மச்சான் என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த அதிகாரி கேட்ட முதல் கேள்வி, “மிரட்டின அன்னிக்கே ஏன் வரலை?” என்பதுதான். இனி ஒரு ரூபாய் கட்டக் கூடாது, வந்த குறுஞ்செய்தி எதையும் அழிக்கக் கூடாது என்றார். 1930 என்ற எண்ணில் புகாரைப் பதியச் சொன்னார். பதிந்தேன். என் போனில் இருந்த எல்லோருக்கும் நானே ஒரு செய்தி அனுப்பினேன்: ‘போலிக் கடன் ஆப்பில் மாட்டிக்கொண்டேன். என் பேரில் எது வந்தாலும் நம்ப வேண்டாம்.’ 10 நாளில் போன் நின்றது. இதைப் படத்தை அனுப்புவதற்கு முன்னாடியே செய்திருந்தால் மாட்டை விற்றிருக்க வேண்டியதில்லை. அவர்களுடைய ஒரே ஆயுதம் நம்முடைய வெட்கம். நாமே சொல்லிவிட்டால் அவர்களிடம் வேறு ஒன்றும் இல்லை.

மகள் போட்ட கணக்கு

மாடு போனதோடு கடனும் போனது என்றுதானே நினைப்பீர்கள்? மே மாதம் மறுபடியும் தீவனக் கடையில் 5,000 வாங்கினேன். ஏனென்றால் கறவை ஒன்றாகிவிட்டது, பால் பாதியாகிவிட்டது, செலவு பாதியாகவில்லை. கடன் தீர்ந்ததே தவிர, கடன் வாங்கிய காரணம் தீரவில்லை. தினமும் வருமானம் தருகிற ஒன்றை விற்றுக் கடனை அடைத்தால், அந்தக் கடன் வேறு வழியில் திரும்பி வரும். இது நான் 12,000 ரூபாய் நஷ்டப்பட்டுக் கற்ற பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் பழைய பால் நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டுவாடா தேதிக்குப் பக்கத்தில் ‘தீ.க. 5500’ என்று நான் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

“அப்பா, மாடு விக்கிற வரைக்கும் 42 தடவை.”

“என்ன 42?”

“42 தடவை 500 குடுத்திருக்கீங்க. 21,000 ரூபா. கடன் வாங்கினது 5,000.”

என் வீட்டுக்காரி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருக்கலாமுங்களே” என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

எப்படி வெளியே வந்தோம்

அன்றைக்கே மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். ஒரே நாளில் 5,000-ஐ அடைக்க முடியாது. அடைத்தாலும் மறுநாள் வாங்கத்தான் போவேன். அதனால் ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் 500 ரூபாய் குறைத்து வாங்குவது. கடைக்காரரிடம் போய், “அண்ணா, இந்தத் தடவை 4,500 போதுங்க” என்றேன். அடுத்த தடவை 4,000. அதற்கடுத்து 3,500. வாங்குகிற தொகை குறையக் குறைய வட்டியும் 500, 450, 400 என்று இறங்கியது. 10 பட்டுவாடாவில், அதாவது 100 நாளில், கடன் பூஜ்யம். வட்டியாகப் போனது மொத்தம் 2,750 ரூபாய். பழையபடி இருந்திருந்தால் வட்டியாக 5,000 போயிருக்கும். அசல் 5,000 அப்படியே நின்றிருக்கும்.

ஒவ்வொரு தடவையும் அந்த 500 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். முதல் நான்கு தடவைக்கு ஒரு கிடாய்க்குட்டியை விற்றோம். அது தினமும் வருமானம் தருவதில்லை; விற்பதற்கென்றே வளர்ப்பது. ஆனியில் வற்றுமாடு கன்று போட்டது, பால் கூடியது. பெரிய உதவி, கட்டுத்தறிக்குப் பின்னால் 20 சென்டில் போட்ட தீவனப்புல். கோ-4 கரணை நட்டு, வரப்பு ஓரமாக வேலிமசால் விதைத்தோம். மாடு கழுவுகிற தண்ணீர் அதற்கே பாய்கிறது. நட்டு 75 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளைக்கு ஒரு அறுப்பு. 3,000 ரூபாய்த் தீவனச் செலவு 2,200-க்கு இறங்கியது. என் கடனின் வேர் அந்தத் தீவனச் செலவில்தான் இருந்தது. உங்கள் கடனின் வேர் வேறு எங்காவது இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் கடனை மட்டும் அடைத்தால் என்னைப் போலத்தான் ஆகும்.

கடன் பெரிதாக இருக்கிறவர்களுக்கு 500 குறைக்கிற வழி பத்தாது. அவர்கள் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: கைக்கு வந்தது எவ்வளவு, கட்ட வேண்டியது எவ்வளவு, எத்தனை நாளில். எதற்கு வட்டி அதிகமோ அதை முதலில், மலிவான கடன் வாங்கியாவது அடையுங்கள். மகளிர் குழுவில் உள்கடன் கிடைத்தால் கேளுங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் 10,000-க்கு வருஷம் 1,200-தான். ஆனால், பழைய கடனை அடைத்த அன்றே அந்தச் சீட்டைக் கிழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கடனாகிவிடும்.

நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் அந்த வருஷமே உறுப்பினரானேன். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் என்று நான்கு தடவை நடந்தேன்தான். மரவள்ளிக்குப் பயிர்க்கடன் கிடைத்தது. கிசான் கடன் அட்டை இப்போது மாடு வளர்ப்பவர்களுக்கும் உண்டு. பிணையில்லாமல் வேளாண் கடன் கொடுக்கும் உச்சவரம்பை 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். இந்த அலைச்சலை வேலை இல்லாத மாதத்தில் முடித்து வையுங்கள். பணம் தேவைப்படுகிற அன்றைக்குப் போய் நின்றால், சங்கத்தில் கிடைக்காது, தண்டலில்தான் கிடைக்கும்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை

தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாமே அதில் அடங்கும். மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். குழுக்கடன் கொடுக்கிற நுண்நிதி நிறுவனங்கள் காலை 9 மணிக்கு முன்பும், மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் கேட்டு அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. ஆப் மூலம் கடன் கொடுப்பவர்கள் வருஷ வட்டி எவ்வளவு என்பதை எழுத்தில் காட்ட வேண்டும், போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் தொடக் கூடாது என்பதும் விதி. முறையாக அனுமதி பெற்ற நிறுவனங்களின் கடன் ஆப்புகள் பட்டியலை ரிசர்வ் வங்கி 2025 ஜூலையிலிருந்து தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். நம்பர்களைப் பார்க்க அனுமதி கேட்கிற ஆப் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு

ஐயா, ஒரு தடவை வாங்கியது தப்பில்லை. மாட்டுக்கு நோய் வந்தால் யாராக இருந்தாலும் வாங்கத்தான் வேண்டும். பட்டுவாடா அன்றைக்குக் கொடுத்த கையோடு மறுபடி வாங்குகிறீர்களா என்று மட்டும் பாருங்கள். வாங்குகிறீர்கள் என்றால் பால் நோட்டை எடுத்து எத்தனை தடவை என்று எண்ணுங்கள். நீங்களே எண்ணாமல் வீட்டில் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். நாம் எண்ணினால் நடுவில் விட்டுவிடுவோம்.

கடன் தீர்ந்த பிறகும் பட்டுவாடா அன்றைக்கு 500 எடுத்து வைக்கிற பழக்கத்தை நாங்கள் விடவில்லை. தபால் நிலையத்தில் என் வீட்டுக்காரி பேரில் ஒரு சேமிப்புக் கணக்கு. 100 நாளில் அதில் 5,000 சேர்ந்தது. யோசித்துப் பார்த்தால், 14 மாதம் என்னை ஆட்டிவைத்தது அந்த 5,000 சொந்தமாக என்னிடம் இல்லாததுதான்.

போன மாதம் மாடு கன்று போட முடியாமல் கஷ்டப்பட்டது. ராத்திரி 11 மணிக்கு மருத்துவர் வந்தார். 3,500 ரூபாய் செலவு. காலையில் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். இப்போது பட்டுவாடாவுக்கு 500 வீதம் அதில் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏழில் இரண்டு தவணை முடிந்திருக்கிறது. பால் நோட்டில் பழையபடியே தேதிக்குப் பக்கத்தில் எழுதுகிறேன். ‘தீ.க.’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘வீடு’ என்று எழுதுகிறேன்.

கிடாரிக் கன்றுதான். செவலை.